கடப்பா கல் அடுப்படிக்குக் கதவு மட்டும் மாற்ற வேண்டும்: எது போடலாம்?

வால்மீகிநகர்வாசி:

வணக்கம். திருவான்மியூர் வால்மீகி நகரில் இரண்டாவது மாடி, 1998இல் கட்டிய ஃபிளாட். கடலுக்கும் எங்கள் பால்கனிக்கும் நடுவில் நாலே தெரு. அடுப்படி பத்துக்கு எட்டு அடி. அந்தக் காலத்து வழக்கப்படி உள்ளே முழுக்கக் கடப்பா கல் தட்டு, மேலே கறுப்பு கிரானைட் மேடை. கல்லுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் கதவுக்குத்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய தேக்குக் கதவுகளைக் கழற்றிவிட்டு, வெள்ளை மைக்கா ஒட்டிய கதவு போட்டோம். "பிளைவுட் மாதிரியேதான் மேடம்" என்றார் போட்டவர். அந்த "மாதிரி"யை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவு இரண்டாவது மழைக்காலத்திலேயே அடியில் உப்பத் தொடங்கியது. இப்போது நகத்தால் கீறினாலே தூள் கொட்டுகிறது. கீல் ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிட்டதால் திறக்க ஒரு கை, விழாமல் பிடிக்க இன்னொரு கை. போன மாதம் அது கழன்று விழுந்ததில் என் மாமியாரின் கால் கட்டைவிரல் நூலிழையில் தப்பியது. "என் தேக்குக் கதவைக் குப்பைக்காரனுக்குக் கொடுத்தாயே" என்று அன்று முழுக்கப் பேசினார். நியாயம்தான்.

மொத்தம் 18 கதவு. மேலே எட்டு, கீழே பத்து. எல்லாம் ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். மாற்றலாம் என்று விசாரித்தால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒரு ஷோரூமில் கடப்பாவை முழுதாக உடைத்துவிட்டு மாடுலர் போட்டால்தான் அழகு என்றார்கள். அவர்கள் கொடுத்த எஸ்டிமேட், எங்கள் கார் இன்று விற்றால் போகும் விலையைவிட அதிகம். தெரு முனையில் இருக்கும் அண்ணன் அலுமினியம் என்கிறார். என் தம்பி டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை) என்கிறான், அவன் வீட்டில் பாத்ரூம் கதவைத் தவிர வேறெங்கும் அதைப் போட்டதில்லை. உப்புக் காற்று வீடு, தினமும் இட்லி, தினமும் தாளிப்பு. கதவு மட்டும் மாற்றினால் போதுமா, எதில் மாற்றுவது? போட்டுப் புழங்கியவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாத்தியார்:

நீங்கள் இரண்டாவது மாடி என்பதால் இந்தக் கதை உங்களுக்குத் தேவைப்படாது, இருந்தாலும் சொல்கிறேன். 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மாடுலர் அடுப்படி போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் வடிந்து உள்ளே போனால் பெட்டியெல்லாம் ஊறின ரொட்டி. பக்கத்து வீட்டில் உங்களைப்போல் கடப்பா. அவர்கள் ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு மூன்றாம் நாள் சாம்பார் வைத்துவிட்டார்கள். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

அதற்கப்புறம் நானும் கடப்பா போட்டு டபிள்யூபிசி கதவு மாட்டினேன். 2023 டிசம்பர், மிக்ஜாம். மறுபடியும் முழங்கால் தண்ணீர். இந்தத் தடவை கதவுகளைக் கழற்றி மொட்டை மாடியில் கழுவி மாட்டியதோடு சரி. ஆனால் குறையும் இருக்கிறது. இரண்டடிக் கதவெல்லாம் நேராக நிற்கிறது. பெருக்குமாறு, மாப் வைக்க ஐந்தடிக் கதவு ஒன்று போட்டேன், அது நடுவில் வில்லாக வளைந்துவிட்டது. அடுப்பை ஒட்டிய ஒன்றும் லேசாக நெளிந்திருக்கிறது. ஸ்க்ரூவை இரண்டு தடவை கழற்றி மாட்டினால் மூன்றாவது தடவை சும்மா சுற்றும்.

புதுவீட்டுக்காரன்:

அக்ரிலிக் போடுங்க. கண்ணாடி மாதிரி பளபளக்கும். எங்க வீட்டில் அடர் சிவப்பு.

வேளச்சேரி வாத்தியார்:

தம்பி, எண்ணெய்க் கை பட்டால் எப்படி இருக்கிறது?

புதுவீட்டுக்காரன்:

இன்னும் சமைக்க ஆரம்பிக்கல சார். அடுத்த மாசம்தான் பால் காய்ச்சறோம்.

அம்பத்தூர் ரிவெட்:

அக்கா, நான் அலுமினிய ஃபேப்ரிகேஷன் வேலைக்காரன். தொழில்காரன் தன் சரக்கைத்தான் புகழ்வான் என்று தெரிந்தே படியுங்கள். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் உங்கள் பக்கத்துக் காற்றுக்கு நன்றாகவே தாங்கும். கரையான், ஈரம் இரண்டும் அண்டாது. சட்டம் அலுமினியத்தில் வரும், நடுவில் ஏசிபி ஷீட்டோ கண்ணாடியோ வைப்போம்.

ஆனால் இரண்டு விஷயத்தை எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக். சாதாரண ரகத்தில் அந்த பிளாஸ்டிக் தீப்பிடிக்கும். அடுப்புக்கு நேர் மேலேயும் ஒட்டினாற்போலும் வேண்டாம், அங்கே டெம்பர்டு கண்ணாடி போடச் சொல்லுங்கள். இன்னொன்று, அலுமினிய செக்‌ஷன் உள்ளே குழாய் மாதிரி காலி. முனையை மூடி போட்டு அடைக்காமல் விட்டால் கரப்பான் பூச்சிக்கு அதுதான் குடியிருப்பு. ராத்திரி விளக்கைப் போட்டால் கதவுச் சட்டத்துக்குள் ஓடுகிற சத்தமே கேட்கும். நான் கழற்றிய ஒரு பழைய கதவைத் தட்டியபோது கொட்டியதை இங்கே எழுத வேண்டாம், சாப்பிடும் நேரம்.

வால்மீகிநகர்வாசி:

ரிவெட் தம்பி, நன்றி. நீங்கள் சொன்ன அந்தச் சத்தத்தைக் கற்பனை செய்ததிலேயே அலுமினியம் பட்டியலில் இரண்டு படி இறங்கிவிட்டது. ஷோரூம்காரர் எச்டிஎச்எம்ஆர் என்று ஒன்றைச் சொன்னார், தண்ணீரே ஒன்றும் செய்யாதாம். யாருக்காவது தெரியுமா?

உளி:

அம்மா, நான் வில்லிவாக்கத்தில் ஆசாரி வேலை பார்த்தவன். கண் பார்வை குறைந்ததால் நான்கு வருஷமாக உளியைத் தொடுவதில்லை. சொல்வது நான், தட்டுவது பேத்தி. எழுத்துப் பிழை இருந்தால் அவள் கணக்கு.

முதலில், கல்லை உடைக்க விடாதீர்கள். அது ஆந்திராவில் கடப்பைப் பக்கம் கிடைக்கிற சுண்ணாம்புக் கல். எலுமிச்சையோ புளியோ கொட்டி அப்படியே விட்டால் வெளுக்கும், அவ்வளவுதான் அதன் பலவீனம். கரையானுக்கு அதில் பல் இறங்காது, தண்ணீரில் ஊறாது. அதை உடைத்துவிட்டு அந்த இடத்தில் பலகைப் பெட்டி வைப்பது, இரும்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டு அட்டைப் பெட்டி வாங்குகிற வியாபாரம்.

உங்கள் பழைய கதவு பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அழுத்திய பலகை. துணி பீரோவுக்குப் பரவாயில்லை. அடுப்படியில் ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், உப்பியது திரும்பச் சுருங்காது. போட்டவரை மட்டும் திட்டிப் பயனில்லை. எழுந்து போய் அந்தக் கதவின் அடி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அங்கே மைக்காவும் இல்லை, ஓரத்தை மூட ஒட்டுகிற பட்டையான எட்ஜ் பேண்டும் இல்லை, வெறும் பலகை. பக்க ஓரம் கண்ணுக்குத் தெரியும் என்று ஒட்டுவார்கள். கீழ் ஓரம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். தரை துடைக்கிற தண்ணீர் தினமும் அங்கேதான் ஏறுகிறது.

இப்போது எல்லாரும் எது நல்லது என்று சண்டை போடுகிறீர்கள். எந்தக் கதவுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினெட்டுக் கதவும் ஒரே பாடா படுகிறது? சிங்க்குக்குக் கீழே உள்ள இரண்டும் தண்ணீரிலேயே குடித்தனம் நடத்துகின்றன. அடுப்பு ஓரத்துக் கதவுக்கு எண்ணெயும் சூடும். அரிசி டின் வைத்த மூலைக் கதவுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. ஒரே அடுப்படி என்பதற்காக ஒரே பலகை போட வேண்டும் என்று சட்டமில்லை. வெளியே ஒரே மைக்கா ஒட்டிவிட்டால் உள்ளே எது என்று உங்கள் மாமியாருக்கே தெரியாது.

சிங்க் கதவு இரண்டுக்கும் டபிள்யூபிசி. இரண்டடி உயரம்தானே, வளையாது. வாத்தியார் ஐந்தடிக்குப் போட்டதுதான் தப்பு. அந்தப் பலகையில் வெள்ளைப் பசை பிடிக்காது, மைக்கா ஒட்ட ரப்பர் பசைதான். ஸ்க்ரூவுக்கு முதலில் சின்ன ஓட்டை போட்டு, கையால் முறுக்க வேண்டும். டிரில்லை வைத்து விர்ரென்று ஏற்றினால் முதல் தடவையே பிடிப்பு போய்விடும்.

மற்ற 16க்கும் ஆறு நூல் பிளைவுட். எங்கள் கணக்கில் எட்டு நூல் ஒரு இன்ச், ஆறு நூல் முக்கால் இன்ச். கடையில் 18, 19 எம்எம் என்பார்கள். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மெரைன், அதாவது கொதிநீரிலும் ஏடு பிரியாத ரகம், வேண்டும். ஐஎஸ் 303 என்று போட்டிருப்பதில் எம்ஆர், பிடபிள்யூஆர் என்று இரண்டு ரகம் உண்டு. பிடபிள்யூஆர் கொதிநீர் தாங்குவது. எம்ஆர் வெறும் காற்று ஈரம் தாங்குவது, அடுப்படிக்கு ஆகாது. மெரைன் என்று வாயால் சொல்ல யாருக்கும் காசு செலவில்லை. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய லைசென்ஸ் என்று காட்டும். பேத்தி இதை எனக்குக் காட்டியபோது, நாற்பது வருஷம் முன்னால் இருந்திருந்தால் எத்தனை பேரிடம் ஏமாறாமல் இருந்திருப்பேன் என்று தோன்றியது. ஓரத்தின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், சிவப்புச் சாயம் பூசித் தருகிற ஆட்கள் உண்டு.

எச்டிஎச்எம்ஆர் மோசமில்லை. மர நாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப்பைவிட இறுக்கமான பலகை, ஒரு கன மீட்டர் 850 கிலோ பக்கம் வரும். நேராக நிற்கும், வளையாது, பெயின்ட் அடிக்க அருமை. ஆனால் ஈரம் தாங்குவது வேறு, தண்ணீரில் நிற்பது வேறு. மேல் எட்டுக் கதவுக்கு நீங்கள் விரும்பினால் போடலாம். கனம் அதிகம், கீல் நன்றாக இருக்க வேண்டும்.

கதவின் உள்பக்கமும் மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். வெளியே 1 எம்எம், உள்ளே 0.8 போதும். காசு மிச்சம் என்று உள்ளே வெறும் பெயின்ட் அடித்தால், ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது. ஆறு மாதத்தில் கதவு அப்பளமாக வளைந்து மூலையில் இடைவெளி தெரியும். ஓரங்களைக் கையால் ஒட்டாமல், பலகைக் கடையிலேயே மெஷினில் எட்ஜ் பேண்ட் போட்டு வாங்குங்கள். நான்கு ஓரமும். நான்கு என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

வால்மீகிநகர்வாசி:

ஐயா, தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு. உப்பாத கதவுகளிலும் அப்படித்தான். ஆறு வருஷமாக இந்தக் கதவுகளைத் துடைக்கிறேன், ஒரு நாளும் கை அங்கே போகவில்லை.

மைக்காவில் மர ரேகை டிசைன் எடுக்கலாமா, வெறும் நிறமா? கீல் பற்றியும் சொல்லுங்கள். இப்போது இருப்பதெல்லாம் துருப்பிடித்து, திறக்கும்போது பூனைக்குட்டி மாதிரி கத்துகிறது. கீழ் மூலையில் கேஸ் சிலிண்டரும் கதவுக்குள்தான் இருக்கிறது.

உளி:

ரேகைக்கும் நிறத்துக்கும் அழகைவிடக் கணக்குதான் வித்தியாசம். ஷீட் எட்டுக்கு நாலு. எட்டடிப் பக்கத்தில் ஒன்றரை அடியாக ஐந்து, நாலடிப் பக்கத்தில் இரண்டடியாக இரண்டு, ஆக ஒரு ஷீட்டில் பத்துக் கதவு. உங்கள் 18 கதவுக்கு வெளி மைக்கா இரண்டு ஷீட். ஆனால் ரேகை ஷீட்டின் நீளவாக்கில் ஓடும். கதவில் அது மேலிருந்து கீழாக ஓட வேண்டுமென்றால் பலகையைத் திருப்பி வெட்ட முடியாது. அப்போது ஒரு ஷீட்டில் எட்டுதான், மூன்றாவது ஷீட் வாங்க வேண்டும். இரண்டடி என்பதையும் இருபத்துமூன்றே முக்கால் இன்ச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ரம்பம் தின்கிற இடம் உண்டு, சரியாக நாலடியில் இரண்டு இரண்டடி கிடைக்காது.

வெள்ளை மேட் வேண்டாம் என்பது என் கருத்து. மஞ்சள் கை பட்டால் உடனே துடைக்காவிட்டால் நிற்கும். வெயில் படுகிற ஜன்னல் பக்கம் மஞ்சள் தானாக வெளுக்கும், உள் மூலையில் வெளுக்காது. சந்தன நிறம், வெளிர் சாம்பல் மாதிரி ஏதாவது எடுங்கள்.

கல்லில் நேராகக் கீல் ஏறாது. பழைய சட்டம் மரம் என்றால் சிங்க் பக்கம் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் உளுத்துவிட்டது. சட்டத்தை டபிள்யூபிசியில் மாற்றிவிடுங்கள். கீல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். கடைக்கு ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்துப் போங்கள். கீலின் கிண்ணத்தில் பலமாக ஒட்டினால் அது நிச்சயம் 304 இல்லை. ஒட்டாவிட்டாலும் 304 என்று நம்பிவிடக் கூடாது, 202 என்கிற மலிவு ரகமும் ஒட்டாது. பெட்டியில், பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். உங்கள் காற்றுக்கு 304லும் பழுப்புப் புள்ளி விழும், மாதம் ஒரு தடவை ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த துணி.

அந்தக் கீலின் கிண்ணம் உட்கார 35 எம்எம் ஓட்டை போடுவார்கள். ஓட்டை போட்டதும் உள்ளே வெறும் மரம் தெரியும். கீலை மாட்டுமுன் அதற்குள் வார்னிஷ் ஒரு கை தடவச் சொல்லுங்கள். விரல் நுனியால் செய்கிற வேலை, ஒரு கதவுக்கு ஒரு நிமிஷம். நான் பார்த்த ஆட்களில் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள்.

சிலிண்டர் கதவைச் சொன்னீர்களே, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அந்தக் கதவின் அடியில் காற்றுப் போக ஜாலியோ வரிசையாக ஓட்டைகளோ கட்டாயம் வேண்டும். மேலே ஓட்டை போட்டு அழகாக மூடியிருக்கிறார்கள் சில வீடுகளில், அதனால் பயனில்லை. அந்த ஓட்டைகளின் விளிம்புக்கும் வார்னிஷ்.

வேளச்சேரி வாத்தியார்:

உளி ஐயா, என் ஐந்தடிக் கதவுக்கு வழி உண்டா?

உளி:

நடுவில் அறுத்து இரண்டாக்குங்கள் வாத்தியாரே. இரண்டரை அடியில் இரண்டு கதவு.

வால்மீகிநகர்வாசி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நானும் கணவரும் சனிக்கிழமை பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போனோம். வரிசையாகப் பலகைக் கடைகள். மூன்று கடைகளில் மெரைன் கேட்டோம், மூன்றிலும் சிரித்துக்கொண்டே "மெரைன்தான்" என்றார்கள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, பின்னால் கடை எண் எழுதி எடுத்து வந்தேன். மெரைனுக்கான சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்களாமே. என்னிடம் அவ்வளவு கேஸ் இல்லை. ஞாயிறு காலை, இனி சமைக்கப் பயன்படாத பழைய அலுமினியக் குண்டானில் போட்டு ஆறு மணி நேரம்.

இரண்டாம் எண் துண்டு ஒன்றரை மணி நேரத்திலேயே ஓரத்தில் வாய் பிளந்தது. மூன்று மணி நேரத்துக்குள் ஏடு ஏடாக, வெந்த பலாக்கொட்டைத் தோல் மாதிரி பிரிந்துவிட்டது. தண்ணீர் சிவப்பு. நீங்கள் சொன்ன அதே சாயம். மற்ற இரண்டும் சாயந்திரம் வரை அப்படியே இருந்தன, கத்தி நுனி ஓரத்தில் இறங்கவில்லை. அதில் ஒன்றின் லைசென்ஸ் எண்ணைச் செயலியில் போட்டால் பலகையில் இருந்த அதே கம்பெனி பெயர் வந்தது. அங்கேயே இரண்டு ஷீட் சொல்லிவிட்டேன். சிங்க் கதவுக்குப் பாதி ஷீட் டபிள்யூபிசி கேட்டேன், முதலில் முழு ஷீட்தான் என்றார்கள், அப்புறம் ஏற்கெனவே வெட்டிய ஒன்றை எடுத்துத் தந்தார்கள். மைக்கா சந்தன நிறம். ரேகை டிசைன் பிடித்திருந்தது, மூன்றாவது ஷீட்டின் விலையைக் கேட்டதும் பிடிக்காமல் போய்விட்டது.

மாமியார் அன்று முழுக்க அடுப்படி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போனில் யாரிடமோ, "இல்லடி, இன்னைக்குக் குழம்பெல்லாம் இல்ல, பலகையை வேக வச்சுண்டிருக்கா" என்றது என் காதில் விழுந்தது.

வெட்டி, எட்ஜ் பேண்ட் போட்டு வியாழன் வருகிறது. நான்கு ஓரமும் என்று மூன்று தடவை சொல்லி, பில்லிலும் எழுத வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம் பாக்கி. மேல் கதவுகளில் குக்கருக்கு நேர் மேலே இருப்பது பழசிலும் சீக்கிரம் போனது. அங்கேயும் டபிள்யூபிசி போடலாமா?

உளி:

போடாதீர்கள், ஆவியும் அடுப்புச் சூடும் சேர்ந்து அங்கே நெளியும். பிளைவுட்டே இருக்கட்டும். விசில் நேராக அந்தக் கதவின் கீழ் ஓரத்தில் அடிக்கிறது, அதுதான் காரணம். குக்கரை முன் பர்னருக்கு மாற்றுங்கள். வியாழன் கதவு வந்ததும் மாட்டுமுன் பதினெட்டின் அடி ஓரத்தையும் மாமியாரை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் விட மாட்டார்.